வளையத்தின் ஓரம் ஏன் கறுத்தது? கோஆக்சியல் லைட் ஒன்றைப் பற்றிய நிகழ்வு ஆய்வு

தொழிற்சாலை லைனில் கேமரா வைத்துச் சோதிக்க வேண்டிய பொருள் ஒரு சீல் வளையம். துருப்பிடிக்காத எஃகு, வெளி விட்டம் 36 மி.மீ. ஒரு முகம் மட்டும் லேப்பிங் செய்து (நுண்தூளால் தேய்த்து) கண்ணாடி போல மெருகேற்றப்பட்டிருக்கும். அந்த முகம்தான் எதிரே இருக்கும் இன்னொரு வளையத்தோடு ஒட்டி நின்று கசிவைத் தடுக்கிறது. அதன் குறுக்கே 0.1 மி.மீ. அகலத்தில் ஒரு கீறல் ஓடினால் போதும், வளையம் கழிவுதான். கேமராவிடம் கேட்டது மூன்று வேலை: கீறலைப் பிடிக்க வேண்டும், விளிம்பில் சில்லு பெயர்ந்திருந்தால் பிடிக்க வேண்டும், மெருகேறிய முகத்தின் அகலத்தை அளக்க வேண்டும். முகத்தின் உள் ஓரத்திலும் வெளி ஓரத்திலும் சாம்ஃபர், அதாவது சாய்வாகச் சீவிய விளிம்பு, உண்டு. இரண்டுக்கும் நடுவே இருக்கும் தட்டையான பட்டையின் அகலம்தான் நமக்கு வேண்டிய அளவு. வளையங்கள் கன்வேயரில் நொடிக்கு 200 மி.மீ. வேகத்தில் வரும், நிற்காது.

கேமராவை ஒரே நாளில் தேர்ந்தெடுத்துவிட்டோம். விளக்கை முதல் முறை தவறாகத் தேர்ந்தெடுத்தோம், பொருத்தியதும் தவறு. எங்கே பிசகியது, எப்படிச் சரி செய்தோம் என்பதைக் கணக்கோடு எழுதுகிறேன். இதே பிசகை இதற்கு முன்னும் பின்னும் வேறு வேறு லைன்களில் பார்த்திருக்கிறேன். விளக்கு வாங்கும் முன் ஒரு தாளில் நான்கு வரி எழுதிப் பார்த்திருந்தால் ஒன்றுமே நடந்திருக்காது.

மற்ற விளக்குகளோடு பட்ட பாடு

முதலில் கையிலிருந்த ரிங் லைட்டை, அதாவது லென்ஸைச் சுற்றி எல்இடிகள் வட்டமாக இருக்கும் விளக்கை, வைத்துப் பார்த்தோம். மெருகேறிய எஃகு ஒரு கண்ணாடி. அது எல்இடிகளை அப்படியே திருப்பிக் காட்டியது. முகம் முழுக்க முத்துக் கோத்ததுபோல வெள்ளைப் புள்ளிகள், இடையிடையே இருட்டு. கீறல் எது, பிம்பம் எது என்று கண்ணாலேயே பிரிக்க முடியாதபோது மென்பொருள் என்ன செய்யும்?

கவிழ்த்த கிண்ணம் போன்ற டோம் லைட் இதற்கு நேர் எதிர். எல்லாத் திசையிலிருந்தும் வெளிச்சம் வருவதால் முகம் சீராக வெளுத்தது, ஆனால் கீறலும் சேர்ந்து வெளுத்துப்போனது. கீறலின் சரிவு எந்தப் பக்கம் திரும்பியிருந்தாலும் அந்தப் பக்கமும் டோமின் ஒரு பகுதி ஒளிர்ந்துகொண்டு நிற்கிறதே, கீறல் இருட்டாக வழியே இல்லை. டோமின் உச்சியில் கேமராவுக்காக இருக்கும் துளை நடுவில் கரும்புள்ளியாக விழும் என்பார்கள். நம் வளையத்தில் நடுவே ஓட்டைதான் என்பதால் அது தொந்தரவு செய்யவில்லை.

தாழ்கோண ரிங் லைட், அதாவது டார்க் ஃபீல்டு, கீறலை மட்டும் பார்த்தால் மிக அழகாக வேலை செய்தது. கறுத்த பின்னணியில் கீறல் வெள்ளிக் கம்பியாக மின்னும். வெறும் கீறல் சோதனை என்றால் அதையே வைத்துக்கொண்டிருப்பேன். ஆனால் தூசியும் துணி நூலும் அதேபோல மின்னின. அதைவிடப் பெரிய சிக்கல் அகல அளவு. தட்டையான முகமே இருட்டாகத் தெரியும்போது அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று சாம்ஃபரின் மினுக்கத்தை வைத்து ஊகிக்க வேண்டியிருந்தது. வளையம் கொஞ்சம் நகர்ந்தாலே அந்த மினுக்கமும் இடம் மாறிவிடும்.

கோஆக்சியல் லைட் இந்த வேலைக்கென்றே செய்ததுபோல இருந்தது. பக்கவாட்டில் எல்இடி பலகை, அதன் முன்னே ஒளியைச் சீராகப் பரப்பும் டிஃப்யூசர், நடுவில் 45 டிகிரி சாய்வில் ஒளியைப் பிரிக்கும் பீம் ஸ்பிளிட்டர் கண்ணாடி. வெளிச்சம் அந்தக் கண்ணாடியில் பட்டுக் கீழே இறங்கும். பொருளில் பட்டு நேராக மேலே திரும்பும் ஒளி, அதே கண்ணாடியை ஊடுருவிக் கேமராவுக்குப் போகும். கேமரா எந்த அச்சில் பார்க்கிறதோ அதே அச்சில் விளக்கும் இருப்பதுபோல ஆகிவிடுகிறது. தட்டையான முகம் வெள்ளை. சாம்ஃபர், கீறல், சில்லு எல்லாம் ஒளியை வேறு பக்கம் தள்ளிவிடுவதால் கறுப்பு. அகலத்தை அளக்க இதைவிடத் தெளிவான விளிம்பு கிடைக்காது.

மேசையில் சரி, லைனில் தவறு

கேமரா சோனி ஐஎம்எக்ஸ் 264 சென்சார் கொண்டது: 2448க்கு 2048 பிக்சல், ஒரு பிக்சல் 3.45 மைக்ரான். வளையம் 36 மி.மீ., இரு பக்கமும் கொஞ்சம் இடம் விட்டு, குறுகிய பக்கத்தில் 40 மி.மீ. பார்வைப் பரப்பு என்று முடிவு செய்தோம். ஒரு பிக்சலுக்கு ஏறத்தாழ 19.5 மைக்ரான் வரும். 0.1 மி.மீ. கீறல் ஐந்து பிக்சல் அகலத்தில் தெரியும், அது போதும். லென்ஸின் குவியத் தூரம் 35 மி.மீ., துளை எஃப் 4, அதாவது துளையின் விட்டம் அதில் நாலில் ஒரு பங்கு. லென்ஸிலிருந்து வளையத்துக்கு ஏறத்தாழ 230 மி.மீ.

விளக்கு? பார்வைப் பரப்பு 40 என்பதால் 50 மி.மீ. சதுர ஜன்னல் (வெளிச்சம் வரும் திறப்பு) உள்ள கோஆக்சியல் லைட். பத்து மி.மீ. உபரி இருக்கிறது, தாராளம் என்று நினைத்தோம். இங்கேதான் பிசகு.

மேசையில் வைத்துச் சோதித்தபோது விளக்கின் அடிப்பாகத்துக்கும் வளையத்துக்கும் நடுவே 15 மி.மீ. இடைவெளி. படம் அருமையாக வந்தது. லைனில் பொருத்தும்போது வழிகாட்டிக் கம்பிகளும் ஒரு சென்சார் தாங்கியும் குறுக்கே நின்றதால் விளக்கை 60 மி.மீ. உயரத்துக்கு ஏற்றினோம். வெளிச்சம் கொஞ்சம் குறையும், எக்ஸ்போஷரை, அதாவது கேமரா ஒளியை ஏற்கும் நேரத்தை, கூட்டிக்கொள்ளலாம் என்பது எங்கள் கணிப்பு.

மறுநாள் காலை லைன் ஓடியதும் நல்ல வளையங்கள் வரிசையாகக் கழிவுத் தொட்டிக்குப் போயின. காரணமாக வந்தது 'விளிம்புச் சில்லு'. அந்த வளையங்களை எடுத்து விரல் நகத்தால் விளிம்பைத் தடவிப் பார்த்தோம், சில்லும் இல்லை, பிசிறும் இல்லை. பிறகு படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். வெள்ளை வளையத்தின் வெளி ஓரம் நான்கு இடத்தில் மட்டும் மங்கிக் கறுத்திருந்தது: கடிகார முகத்தில் 12, 3, 6, 9 இருக்கும் இடங்களில். நடுவில் இருக்கும் மூலைத் திசைகளில் ஓரம் வரை பளிச்சென்று வெள்ளை. சில படங்களில் ஒரே பக்கம் மட்டும் அதிகமாகக் கறுத்து, எதிர்ப்பக்கம் நன்றாக இருந்தது.

வட்டமான பொருளில் சதுரக் கணக்கில் நான்கு பக்கம் நிழல் விழுந்தால், அந்தச் சதுரம் பொருளிலிருந்து வரவில்லை. விளக்கிலிருந்துதான் வருகிறது.

கண்ணாடியை வைத்துப் பார்த்தபோது

லைனை நிறுத்தி, வளையம் இருக்கும் அதே உயரத்தில் ஒரு முன்பரப்புக் கண்ணாடியை வைத்தோம். சாதாரண முகம் பார்க்கும் கண்ணாடி இதற்கு ஆகாது. அதில் வெள்ளிப் பூச்சு பின்னால் இருப்பதால் இரட்டைப் பிம்பம் வரும். திரையில் தெரிந்தது ஒரு வெள்ளைச் சதுரம், ஓரங்கள் மெத்தென்று கரைந்து. அதன் பக்கம் ஏறத்தாழ 33 மி.மீ. நம் வளையமோ 36 மி.மீ. வளையத்தின் நான்கு பக்கங்களும் சதுரத்துக்கு வெளியே துருத்திக்கொண்டிருந்தன. அவ்வளவுதான் விஷயம்.

இதைப் பார்த்த பிறகு கோஆக்சியல் லைட்டைப் பற்றி நினைக்கும் விதமே மாறிவிடும். பளபளக்கும் பொருளில் கேமரா பார்ப்பது வெளிச்சம் பட்ட பரப்பை இல்லை. அந்தப் பரப்பு என்ற கண்ணாடிக்குள் தெரியும் விளக்கின் பிம்பத்தை. பொருளின் எந்தப் புள்ளியின் வழியே பார்த்தால் டிஃப்யூசர் தெரிகிறதோ அந்தப் புள்ளி வெள்ளை, டிஃப்யூசரின் ஓரத்தைத் தாண்டிப் பார்வை போய்விட்டால் கறுப்பு. எக்ஸ்போஷரை எவ்வளவு கூட்டினாலும் அந்தக் கறுப்பு தீராது. நாங்கள் முதல் அரை மணி நேரம் அதைத்தான் செய்துகொண்டிருந்தோம்.

கணக்கு பள்ளிக்கூட வடிவியல்தான். சாதாரண லென்ஸின் பார்வைக் கதிர்கள் கீழே போகப் போக விரியும். பொருளில் பட்டுத் திரும்பிய பிறகும் விரிந்துகொண்டேதான் மேலே போகும். அதனால் டிஃப்யூசர் பொருளிலிருந்து தள்ளிப் போகப் போக அது பெரிதாக இருக்க வேண்டும். பொருளிலிருந்து டிஃப்யூசர் வரை ஒளி நடக்கும் தூரத்தை லென்ஸ் தூரத்தால் வகுங்கள். வருவதை 'விகிதம்' என்று வைத்துக்கொள்வோம். பார்வைப் பரப்பை ஒன்று கூட்டல் விகிதத்தால் பெருக்குங்கள். அதோடு லென்ஸ் துளையின் விட்டத்தை விகிதத்தால் பெருக்கிக் கூட்டுங்கள். வருவதுதான் ஜன்னலுக்கு வேண்டிய குறைந்தபட்ச அளவு.

டிஃப்யூசர் தூரம் என்பது விளக்கின் அடிப்பாகம் வரை உள்ள இடைவெளி மட்டும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பெட்டிக்குள் ஒளி ஸ்பிளிட்டர் வரை ஏறி, அங்கிருந்து பக்கவாட்டில் டிஃப்யூசர் வரை போகிறது. எங்கள் 50 மி.மீ. விளக்கில் அந்த உள்தூரம் ஏறத்தாழ 60 மி.மீ. பட்டியல் தாளைப் பார்த்து விளக்கு வாங்குபவர்கள் பெரும்பாலும் கோட்டைவிடுவது இங்கேதான்.

இப்போது எண்களைப் போடலாம். எஃப் 4ல் 35 மி.மீ. லென்ஸின் துளை 8.75 மி.மீ. லைனில் இடைவெளி 60, உள்தூரம் 60, மொத்தம் 120. விகிதம் 0.52. 40 மி.மீ. பரப்புக்கு வேண்டிய ஜன்னல் ஏறத்தாழ 65 மி.மீ. எங்களிடம் இருந்தது 50. மேசையில் மட்டும் ஏன் சரியாக வந்தது? அங்கே மொத்தத் தூரம் 75, விகிதம் 0.33. நடுவில் துல்லியமாக வைத்த 36 மி.மீ. வளையத்துக்கு வேண்டியது 50.6 மி.மீ., எங்கள் 50ஐவிட அரை மி.மீ. சொச்சம்தான் கூட. நூலிழையில் தப்பியிருக்கிறோம். அந்த நூலிழைதான் எங்களை ஏமாற்றியது. மேசைச் சோதனை அப்போதே தோற்றிருந்தால் அன்றைக்கே விளங்கியிருக்கும்.

சாய்வு

ஒரே பக்கம் கறுத்த படங்களுக்குக் காரணம் வேறு. கன்வேயரில் ஒரு வளையத்தை மெதுவாகத் தூக்கிப் பார்த்தேன். அடியில் சுருண்ட உலோகச் சீவல் ஒன்று, நகக்கண் அளவுகூட இல்லை. 36 மி.மீ. வளையத்தின் ஒரு ஓரம் 0.6 மி.மீ. உயர்ந்தால் அது ஏறத்தாழ 1 டிகிரி சாய்வு. கண்ணாடி 1 டிகிரி சாய்ந்தால் திரும்பும் ஒளி 2 டிகிரி திரும்பும். 120 மி.மீ. தள்ளியிருக்கும் டிஃப்யூசரில் அது 4 மி.மீ.க்கு மேல் நகர்வு. ஏற்கெனவே போதாத ஜன்னலில் இன்னும் 4 மி.மீ. போனால் ஒரு பக்கம் இருண்டுதானே ஆகும்?

அதனால் குறைந்தபட்ச அளவைக் கண்டுபிடிப்பதோடு வேலை முடியவில்லை. ஜன்னலில் எவ்வளவு மிச்சம் இருக்கிறதோ அதுதான் பொருள் எவ்வளவு சாயலாம் என்பதைத் தீர்மானிக்கிறது. ஒரு பக்கத்து மிச்சத்தை டிஃப்யூசர் தூரத்தால் வகுத்தால் ஒளி திரும்பக்கூடிய கோணம் கிடைக்கும், அதில் பாதி பொருளுக்கு அனுமதிக்கும் சாய்வு. முதலில் பொருளின் சாய்வை அளக்க வேண்டும், அதிலிருந்து விளக்கின் அளவுக்கு வர வேண்டும். நாங்கள் தலைகீழாகப் போயிருந்தோம்.

சரியான பொருத்தம்

75 மி.மீ. ஜன்னல் உள்ள விளக்குக்கு மாறினோம். பெட்டி பெரிதாக இருப்பதால் உள்தூரமும் கூடுகிறது, ஏறத்தாழ 85 மி.மீ. அதனால் பெரிய விளக்கு வாங்கிவிட்டோம் என்று உயரத்தை அப்படியே விட்டுவிடக் கூடாது. வழிகாட்டிக் கம்பிகளைத் தாழ்வான தாங்கிக்கு மாற்றி, சென்சாரைப் பக்கவாட்டுக்குத் தள்ளி, இடைவெளியை 20 மி.மீ.க்குக் கொண்டுவந்தோம். மெக்கானிக்கல் பிரிவுக்கு அது இரண்டு நாள் வேலை. அவர்களோடு உட்கார்ந்து அந்த வெள்ளைச் சதுரத்தைத் திரையில் காட்டிய பிறகு மறுபேச்சில்லை.

இப்போது மொத்தத் தூரம் 105, விகிதம் 0.46, வேண்டிய ஜன்னல் ஏறத்தாழ 62 மி.மீ. ஒரு பக்கத்துக்கு 6 மி.மீ.க்குச் சற்று மேல் மிச்சம். வளையம் 1.7 டிகிரி வரை சாயலாம், சீவல் தந்த 1 டிகிரி அதற்குள் அடங்கிவிடும். சீவலை அப்படியே விட்டுவிடவில்லை, கேமராவுக்கு முன்னால் காற்று ஊதும் குழல் ஒன்றும் வைத்தோம்.

கேமரா வளையத்துக்குச் செங்குத்தாக இருக்கிறதா என்பதையும் அதே கண்ணாடியை வைத்துத்தான் பார்த்தோம். கோஆக்சியல் லைட்டை அணைத்துவிட்டு, லென்ஸின் முகத்தில் டார்ச் அடித்து, கண்ணாடிக்குள் தெரியும் லென்ஸின் பிம்பத்துக்கு ஃபோகஸை மாற்றினோம். லென்ஸ் தன்னையே பார்க்கும். அந்தப் பிம்பம் படத்தின் நடுவில் உட்கார்ந்தால் அச்சு செங்குத்து. முதலில் அது ஓரமாக நின்றது, தாங்கியின் திருகில் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பியதும் நடுவுக்கு வந்தது. கேமராவின் சாய்வும் வளையத்தின் சாய்வும் ஒரே மிச்சத்திலிருந்துதான் கழிகின்றன என்பதால் இதற்கு ஒதுக்கிய பத்து நிமிடம் வீண் இல்லை.

டெலிசென்ட்ரிக் லென்ஸும் இணைகதிர் கோஆக்சியலும் போட்டால் என்ன என்று கேட்டார்கள். அதில் கதிர்கள் விரியாது, ஜன்னல் கணக்கும் எளிது. கண்ணுக்கே தெரியாத மிக ஆழமற்ற பள்ளத்தைக்கூட அது காட்டிவிடும். ஆனால் அதே காரணத்தால் வளையம் இம்மியளவு சாய்ந்தாலும் முழு முகமும் இருண்டுவிடும். பொருளை இறுக்கிப் பிடித்துச் சோதிக்கும் நிலையம் என்றால் அதைத்தான் எடுத்திருப்பேன். ஓடும் கன்வேயரில் அது வேண்டாம் என்றேன், இப்போதும் அதே கருத்துதான்.

வெளிச்சமும் கறுப்பும்

ஸ்பிளிட்டர் பாதிக்குப் பாதி பிரிக்கும் கண்ணாடி. கீழே இறங்கும்போது பாதி போகிறது, மேலே ஏறும்போது மீண்டும் பாதி போகிறது. பொருள் முழுமையான கண்ணாடியாகவே இருந்தாலும் கேமராவுக்குக் கிடைப்பது அதிகபட்சம் கால் பங்கு. எங்கள் வேகத்தில் படம் அரை பிக்சலுக்கு மேல் இழுபடக் கூடாது என்றால் எக்ஸ்போஷர் 50 மைக்ரோ நொடிதான். தொடர்ந்து எரியும் வெளிச்சம் இதற்குப் போதவில்லை. ஸ்ட்ரோப் கன்ட்ரோலர் வைத்து, விளக்கின் தாளில் அனுமதித்த எல்லைக்குள் அதிக மின்னோட்டத்தைக் குறுகிய துடிப்பாகக் கொடுத்தோம். லென்ஸ் துளையைத் திறந்து சமாளிக்கலாமே என்று தோன்றும். திறந்தால் ஜன்னல் கணக்கில் துளை விட்டமும் பெரிதாகும், ஃபோகஸ் ஆழமும் குறையும். எஃப் 4லேயே நின்றோம்.

வெள்ளைக்குக் கொடுக்கும் கவனத்தைக் கறுப்புக்கு யாரும் கொடுப்பதில்லை. வளையத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கறுப்பு வெல்வெட் துணியை வைத்துப் படம் எடுத்தோம். இருட்டாக இருக்க வேண்டிய படம் சாம்பல் நிறத்தில் வந்தது. பொருளே இல்லாதபோது இந்த வெளிச்சம் எங்கிருந்து வருகிறது? எல்இடியிலிருந்து வரும் ஒளியில் பாதி ஸ்பிளிட்டரை ஊடுருவி எதிர்ச்சுவரில் மோதுகிறது. அந்தச் சுவர் கொஞ்சம் பிரதிபலித்தாலும் ஒளி திரும்பி வந்து ஸ்பிளிட்டரின் மறுமுகத்தில் பட்டு நேராகக் கேமராவுக்கு ஏறும். ஸ்பிளிட்டர் மீது படிந்த தூசியும் தன் பங்குக்கு ஒளியைச் சிதறடிக்கும். இது பொருளைத் தொடாமலே வரும் ஒளி. படம் முழுக்க மெல்லிய வெண்திரை போட்டு, கீறலின் கறுப்பை வெளிற வைக்கும். எதிர்ச்சுவரில் ஒளியை விழுங்கும் கறுப்புப் பஞ்சுத் தாள் ஒட்டினோம். வெல்வெட் படம் கறுத்தது, மெல்லிய கீறல்கள் தாமாகவே தெளிந்தன.

நிறத்தைப் பொறுத்தவரை சிவப்பையும் நீலத்தையும் வைத்துப் பார்த்தோம். எஃகில் பெரிய வேறுபாடு இல்லை. செம்பு அல்லது தங்கப் பூச்சு என்றால் கதை வேறு: அவை சிவப்பைத் திருப்பி அனுப்பும், நீலத்தை விழுங்கும். குறுகிய அலைநீளம் நுண்ணிய சொரசொரப்பில் கூடுதலாகச் சிதறும் என்பதால் 470 நானோமீட்டர் நீலத்தை எடுத்து, லென்ஸ் முன்னால் அந்த நிறத்தை மட்டும் உள்ளே விடும் பேண்ட்பாஸ் வடிகட்டி போட்டோம். கூரை விளக்குகளின் தொல்லை அதோடு பெரும்பாலும் ஒழிந்தது.

தீராத ஒன்று கறை. கழுவிய வளையத்தில் நீர் உலர்ந்த தடமும் கோஆக்சியலில் கறுப்பாகத்தான் தெரியும், கீறலும் கறுப்புதான். கறை பொதுவாக உருண்டையாக மங்கிய ஓரத்தோடும், கீறல் நீண்டு கூரிய ஓரத்தோடும் இருக்கும். வடிவத்தை வைத்து மென்பொருளில் பிரித்தோம். அது முழுத் தீர்வு இல்லை. கழுவும் இடத்தில் உலர்த்துவதைச் சரிசெய்த பிறகுதான் பொய் அலாரங்கள் கட்டுக்குள் வந்தன.

பராமரிப்புத் தாளில் இரண்டு வரி சேர்த்தோம். வாரம் ஒரு முறை வெல்வெட் படமும் கண்ணாடிப் படமும் எடுத்து முதல் நாள் படங்களோடு ஒப்பிட வேண்டும். வெல்வெட் படம் வெளுத்தால் ஸ்பிளிட்டரில் தூசி: முதலில் காற்று, பிறகு தேவைப்பட்டால் மட்டும் லென்ஸ் துணி. அந்தப் பூச்சு மென்மையானது, அழுத்தித் துடைத்தால் கீறும். கண்ணாடிப் படத்தில் சதுரத்தின் ஓரம் எட்டிப் பார்த்தால் தாங்கி அசைந்திருக்கிறது.

சில மாதம் கழித்து 48 மி.மீ. வளையமும் அதே லைனில் ஓட வேண்டும் என்று வந்தது. இந்த முறை முதலில் தாளை எடுத்தோம். பார்வைப் பரப்பு 52 மி.மீ., அதே லென்ஸை ஏறத்தாழ 290 மி.மீ. உயரத்துக்கு ஏற்ற வேண்டும், ஒரு பிக்சல் 25 மைக்ரான் ஆகும், கீறல் நான்கு பிக்சல். இருக்கும் 75 மி.மீ. விளக்கில் வேண்டிய ஜன்னல் ஏறத்தாழ 74 மி.மீ. மேசையில் வைத்தால் படம் அழகாக வந்திருக்கும். ஆனால் ஒரு பக்கத்துக்கு மிச்சம் அரை மி.மீ.தான், அனுமதிக்கும் சாய்வு கால் டிகிரிகூட இல்லை. 100 மி.மீ. ஜன்னல், உள்தூரம் 110, இடைவெளி 20 என்று போட்டால் வேண்டியது 79, அனுமதிக்கும் சாய்வு 2 டிகிரிக்கு மேல். அதையே வாங்கினோம். பொருத்திய அன்று முதல் வேலையாகக் கண்ணாடியை வைத்தோம். திரை மூலைக்கு மூலை வெள்ளையாக இருந்தது.